மூடிய அரங்குகளின் மார்கழி: உங்களிடம் தங்கிவிட்ட கச்சேரி எது?

மாடவீதி
2020 டிசம்பர் 16, காலை 6:40

இன்று மார்கழி பிறந்துவிட்டது. கடந்த நாற்பது ஆண்டுகளாக இந்த நாள் வருவதற்கு முன்பே இசைச் சபைகளின் நிகழ்ச்சி நிரல்களைக் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, பிற்பகல் கச்சேரிக்கு எங்கே போவது, மாலைக் கச்சேரிக்கு எங்கே போவது, இரண்டுக்கும் நடுவில் எந்தச் சபையின் சிற்றுண்டிச்சாலையில் காப்பி குடிப்பது என்றெல்லாம் பென்சிலால் குறித்து முடித்திருப்பேன். இந்த ஆண்டு குறிப்பதற்கு ஒன்றுமில்லை. மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்து, மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவும் அறுபத்து மூவர் உலாவும் நடக்காமல் போனபோதுகூட, மார்கழிக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது சென்னைச் சபைகள் பலவும் கூட்டமைப்பாகச் சேர்ந்து இணையவழியில் விழா நடத்துகின்றன. 1928இல் தொடங்கப்பட்ட, டிசம்பர் என்றால் நினைவுக்கு வரும் மியூசிக் அகாடமியும் ஆண்டின் கடைசி வாரத்தில் இணையத்திலேயே கச்சேரிகளை வழங்கப் போகிறது. அவற்றைக் கட்டாயம் கேட்பேன். இருந்தாலும் அரங்கத்தில் உட்கார்ந்து கேட்ட கச்சேரிகளின் நினைவு இந்த விடியற்காலையில் பெருகி வருகிறது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நேரில் கேட்ட கச்சேரிகளில் உங்களிடம் தங்கிவிட்ட ஒன்றைப் பற்றி எழுதுங்கள். பாடியவர் எவ்வளவு பெரியவர் என்பதைவிட, அன்று அங்கே என்ன நடந்தது என்பதை எழுதினால் நல்லது.

நான் தொடங்குகிறேன். 1980களின் நடுவில் ஒரு பிற்பகல் கச்சேரி. பாடியவரும் வயலின் வாசித்தவரும் இளைஞர்கள். இருவரும் அப்போது பெயர் பெற்றவர்கள் அல்லர். பாடகர் காம்போதி ராகத்தை விரிவாக எடுத்துப் பாடிக்கொண்டிருந்தபோது, வயலினில் பஞ்சமத்துக்கு, அதாவது 'ப' என்னும் சுரத்துக்கு, சுருதி சேர்த்திருந்த மெல்லிய தந்தி பட்டென்று அறுந்துபோனது. அந்தப் பையனின் முகம் வெளுத்துவிட்டது. பாடகர் ஆலாபனையை நிறுத்தவில்லை. அவன் புதுத் தந்தியை மாட்டும்வரை கீழ் ஸ்தாயியில் மெதுவாக உலாவிக்கொண்டிருந்தார். அவன் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகத் தொடங்கியதும் மேலே வந்து பஞ்சமத்தில் நின்றுவிட்டார். நீண்ட நேரம், அசைவே இல்லாத பஞ்சமம். அந்தப் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவன் தந்தியைச் சேர்த்தான். தந்தியும் குரலும் ஒன்றான கணம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அரங்கத்திலிருந்த முப்பது நாற்பது பேரும் ஒரே மூச்சாக "ஆஹா" என்றோம். அதன் பிறகு அவன் வாசித்த காம்போதியைப் போல ஒன்றை நான் பிறகு அதிகம் கேட்டதில்லை. பதிவு செய்யும் கூடத்தில் தந்தி அறுந்திருந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியிருப்பார்கள்.

---

தாமிரபரணிக்கரை
2020 டிசம்பர் 16, இரவு 9:15

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆயினும் என் நிலையையும் சொல்ல வேண்டும். அரங்குகள் இந்த ஆண்டு மூடப்பட்டுவிட்டன என்று நீங்கள் வருந்துகிறீர்கள். எனக்கோ அவை ஒருநாளும் திறந்திருந்ததில்லை. நான் திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியன். டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வும் விடைத்தாளும்தான். விடுமுறை விட்ட பிறகும், பல ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் என் தாயாரை விட்டுவிட்டு எங்கும் நகர முடியாது. சென்னையில் ஒரே நாளில் பத்து இடங்களில் கச்சேரி நடக்கிறது என்று செய்தித்தாளில் படிப்பதோடு என் மார்கழி முடிந்துவிடும்.

எங்களுக்கு எல்லாமே வானொலிதான். 1952இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு வரும். என் சிறுவயதில் எங்கள் தெருவில் வானொலிப் பெட்டி இருந்த வீடுகள் இரண்டோ மூன்றோதான். அவற்றில் ஒன்று எங்களுடையது. அம்மா அதைத் திண்ணையை ஒட்டிய சன்னலில் எடுத்து வைப்பார். பக்கத்து வீட்டுத் தாத்தா, எதிர்வீட்டுத் தையற்காரர், அவருடைய மனைவி, இன்னும் சிலர் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வடக்கத்திய இசை வரும் சனிக்கிழமைகளிலும் யாரும் எழுந்து போனதில்லை. காருக்குறிச்சி அருணாசலம் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால், அவருடைய நாதஸ்வரம் ஒலிபரப்பாகும் என்று தெரிந்தால் அந்த நாளில் திண்ணை போதாது என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்த ஆண்டு முதன்முறையாக, அம்மாவின் கட்டிலுக்கு எதிரே கணினியை வைத்து, மார்கழிக் கச்சேரிகளை முதல் வரிசையிலிருந்து பார்ப்பதைப் போலப் பார்க்கப் போகிறோம். பாடகரின் விரல் அசைவுகூடத் தெரியும். அரங்கத்துக்கு வந்து பழகியவர்கள் இதைக் குறைந்த ஒன்றாகப் பேசும்போது என் மனம் சங்கடப்படுகிறது. நேரில் கேட்டால்தான் இசை என்றால், எங்களைப் போன்றவர்கள் இத்தனை ஆண்டுகள் கேட்டது என்ன?

---

மாடவீதி
2020 டிசம்பர் 17, காலை 7:05

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. அரங்கத்துக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் வாழ்ந்துவிட்டதால் அது எல்லோருக்கும் வாய்த்த ஒன்று என்று எண்ணிவிட்டேன். உங்கள் தாயார் இந்த மார்கழியை நன்றாகக் கேட்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உங்களிடம் தங்கிவிட்ட கச்சேரியைப் பற்றி எழுதும்போது நீங்கள் எந்த ராகத்தையும் குறிப்பிடவில்லை. திண்ணையில் வந்து உட்கார்ந்தவர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

---

வலந்தலை
2020 டிசம்பர் 17, பிற்பகல் 3:30

நான் மிருதங்கம் வாசிக்கிறவன். மேடையில் உட்காருகிறவர்களின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஊரடங்கின் முதல் மாதங்களில் நாங்கள் வாசித்த முறை இது: பாடகர் தம் வீட்டில் தம்புராப் பெட்டியையும் காலப்பிரமாணத்துக்கான, அதாவது தாள வேகத்தைக் காட்டும், கருவியையும் வைத்துக்கொண்டு பாடிப் பதிவு செய்து அனுப்புவார், அதைக் கேட்டுக்கொண்டு வயலின்காரர் தம் பகுதியை வாசித்துச் சேர்ப்பார், கடைசியில் என்னிடம் வரும். ஒரே நேரத்தில் இணையத்தில் இணைந்து வாசிக்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆதி தாளத்தில் நிமிடத்துக்கு எண்பது அட்சரம் (தாள எண்ணிக்கை) என்ற வேகத்தில் ஒரு கீர்த்தனை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்சரத்துக்கு முக்கால் நொடி. அதை நான்காகப் பிரித்தால் ஒரு மாத்திரைக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இணைய இணைப்பில் அந்த அளவு தாமதம் வந்தால் போதும், என் ஒவ்வொரு மிருதங்கச் சொல்லும் பாடகருக்கு ஒரு மாத்திரை தள்ளித்தான் கேட்கும். அவர் எனக்காகக் காத்திருப்பார், நான் அவருக்காகக் காத்திருப்பேன்; காலப்பிரமாணம் படுத்துவிடும். அதனால்தான் தனித்தனியாக வாசித்தோம். இப்போது ஒரே மேடையில் கூடிப் பதிவு செய்ய முடிகிறது என்பது பெரிய ஆறுதல். ஆனால் எதிரே வெறும் நாற்காலிகள்.

அந்த வெறுமை எங்களை ஏன் இவ்வளவு வருத்துகிறது என்பதற்கு என்னிடம் தங்கிவிட்ட கச்சேரியையே சொல்கிறேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நண்பகலில் ஒரு சிறிய அரங்கத்தில் வாசித்தேன். கேட்க வந்தவர்கள் இருபத்தைந்து பேர் இருக்கலாம். தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு விட்டதும் சிலர் எழுந்து வெளியே போனார்கள். கஞ்சிராவோடு குறைப்பு முடித்து, மோரா வாசித்து, முடிவாக வரும் கணக்கான கோர்வையை எடுத்தேன். முந்தைய இரவு வரை நூறு முறை சாதகம் செய்த கோர்வை அது. நடுவில் ஓரிடத்தில் கணக்கு என் கையை விட்டுப் போய்விட்டது. தாளச் சுற்று தொடங்கும் சமம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தலை நிமிர்ந்து பார்த்தேன். எதிரே பதினைந்து இருபது பேர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வயதான அம்மையார் ஒருவர், வேட்டி கட்டிய இரண்டு பெரியவர்கள், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. அத்தனை கைகளும் ஒன்றாக விழுந்தன, ஒன்றாகத் திரும்பின. வீச்சிலிருந்து சமத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தக் கைகளில் பார்த்து, நெருடாமல் தீர்மானம் என்னும் ஒரு சிறிய முடிப்பைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, கோர்வையை முதலிலிருந்து எடுத்து வாசித்துச் சரியான இடத்தில் கொண்டுவந்து சேர்த்தேன். அந்த அம்மையார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தவறியதும் அவருக்குத் தெரியும், திரும்பி வந்ததும் தெரியும்.

காலப்பிரமாணக் கருவியும் காதுக்குள் தட்டிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் வாசிப்பவன் வழி தவறினானா, திரும்பினானா என்று அது பார்ப்பதில்லை.

மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று வற்புறுத்தியவர் என்று என் குருநாதர் சொல்வார். அப்போது அதை ஒரு பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இந்த ஆண்டுதான் அதன் பின்னால் இருந்த கவலை எனக்குச் சற்றுப் புரிகிறது.

---

நல்லூரடி
2020 டிசம்பர் 18, இரவு 8:20

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இசை நின்றுபோவது எங்களுக்கு இது முதல் முறை அல்ல.

போரினால் 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அருமையாகிப் போனது. நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். இணுவில், அளவெட்டி போன்ற ஊர்கள் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர் போனவை. திருவிழா என்றால் விடிய விடிய மேளச்சமா நடந்த மண் இது. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்துவிட்டார். நான் அவரைக் கேட்டவனல்லன். என் தகப்பனார் கேட்டவர். தமிழ்நாட்டு வித்துவான்கள் தேடி அழைத்து வாசிக்க வைத்த தவில் அது என்று சொல்லும்போது அவருடைய குரலே மாறிவிடும். அப்படிப்பட்ட ஊரில் திருவிழாக்களைப் பகலிலேயே சுருக்கி முடிக்கும் நிலை வந்தது.

எங்கள் ஒழுங்கையில் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, மின்கலம் இல்லை. அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் நாடாவை ஓடவிடுவார். சிறுவர்களாகிய நாங்கள் முறை வைத்துச் சுற்றுவோம். கை தளர்ந்தால் நாடா மெதுவாகும். சுருதி கீழே இறங்கும். "சுருதி போகுது, சுத்தடா" என்று அவர் சத்தம் போடுவார். ஒரு முழுத் தோடி ராகத்தைச் சுருதி இறங்காமல் சுற்றி முடித்த நாளில் நாங்களே வாசித்ததைப் போல மகிழ்ந்தோம். ஆகையால் பதிவு செய்த இசையை நான் குறைத்து மதிக்க மாட்டேன். தாமிரபரணிக்கரை ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு.

ஆனாலும் என்னிடம் தங்கிவிட்டது அந்த நாடாக்கள் அல்ல. அதே காலத்தில், எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பகல் திருவிழா. ஒலிபெருக்கி இல்லை. வழக்கமாக ஒலிபெருக்கி கட்டினால் சனங்கள் வீதியின் நாலாபக்கமும் சிதறி நிற்பார்கள். அன்று தவில்காரரின் முழங்காலுக்கு மிக அருகில் வரை எல்லோரும் நெருங்கி வந்து மணலில் உட்கார்ந்துவிட்டோம். தவிலின் தோல் அதிர்வதை நெஞ்சில் உணர்ந்தேன். தொலைவில் எங்கோ ஒரு வெடிச்சத்தம் கேட்டது, யாரும் எழும்பவில்லை. தவில்காரர் ஒரு கணம் கையை நிறுத்தி, எங்களைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்தில் இருந்து வாசித்தார்.

---

காவிரிக்கரை
2020 டிசம்பர் 19, காலை 10:10

நான் கும்பகோணம். நல்லூரடி நண்பர் மேளத்தைப் பற்றி எழுதியதால் எனக்கும் எழுதத் தோன்றியது. சபைக் கச்சேரிகளை விட்டுச் சற்று வெளியே வந்து கோயில் வீதியையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் வைகாசித் திருவிழாவில் சுவாமி புறப்பாடு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். முதலில் தவிலில் அலாரிப்பு, பிறகு கம்பீர நாட்டையில் மல்லாரி. சாகித்தியம் (பாட்டு வரிகள்) இல்லாத அந்த மல்லாரி எழுந்தால் மூன்று தெரு தள்ளி இருப்பவர்களுக்கும் சுவாமி கிளம்பிவிட்டார் என்று தெரியும். நான் சொல்லும் ஆண்டில், கீழவீதி திரும்பும் முனையில் நாதஸ்வரக்காரர் தோடியை எடுத்தார். சுவாமியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் வாகனத்தின் வாரைகளை முட்டுக்கட்டைகளில் தாங்கி வைத்துவிட்டு நின்றார்கள். பதினொரு மணி இருக்கும். பஞ்சமத்தை விலக்கிவிட்டே நெடுநேரம் வாசித்தார். காந்தாரத்தில் நின்றார், தைவதத்தில் நின்றார், பஞ்சமத்தை மட்டும் தொடவில்லை. திண்ணைகளில் இருந்த பாட்டிமார்கள், பால்மாட்டுக்கு வைக்கோல் போட வந்தவர், வாகனத்தைத் தூக்க வேண்டியவர்கள் எல்லோரும் அது எப்போது வரும் என்று காத்திருந்தோம். ராகத்தின் இலக்கணம் அறிந்தவர்கள் அங்கே நான்கைந்து பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். கடைசியில் பஞ்சமத்தைத் தொட்டபோது தாங்கிகளில் ஒருவர் "அப்பனே" என்றார். அடுத்த வீதிக்குச் சுவாமி போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதம். யாரும் கேட்கவில்லை.

இதைச் சொல்லும்போது மனத்தில் பாரமாக இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சபைக் கலைஞர்களில் சிலருக்காவது இணையம் கொஞ்சம் வழி திறந்திருக்கிறது. நாதஸ்வரக்காரர்களுக்குச் சித்திரை, வைகாசி, ஆனி மாதத்துக் கல்யாணங்களும் கோயில் உற்சவங்களும்தான் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி. இந்த ஆண்டு மூன்று மாதமும் போய்விட்டன. நடந்த கல்யாணங்களும் மேளம் இல்லாமல், கைப்பேசியில் கெட்டிமேளத்தை ஒலிக்கவிட்டு நடந்தன. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தவில் வாசிக்கும் மகன் கட்டட வேலைக்குப் போகிறான். சிமென்ட் பட்ட விரல்களுக்குத் தவில் பழைய மாதிரி பேசாது என்று அவனுடைய தந்தை வருந்துகிறார். அந்தத் தந்தைதான் அன்று தோடி வாசித்தவர். ஆச்சா மரத்தில் நரசிங்கம்பேட்டையில் கடைந்த அவருடைய நாதஸ்வரம் உறையிலேயே இருக்கிறது. வாயில் வைத்து ஊதும் சீவாளிகள் காய்ந்து கிடக்கின்றன. நாள்தோறும் ஊதாவிட்டால் உதட்டுப் பிடிப்பும் போய்விடும் என்பதால் காலையில் கொல்லைப்புறத்தில் சிறிது நேரம் ஊதுகிறார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாதே என்று மிகவும் தணித்து ஊதுகிறார். நாதஸ்வரத்தைத் தணித்து ஊதுவது எத்தனை கடினம் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

---

வலந்தலை
2020 டிசம்பர் 19, பகல் 12:45

ஐயா, அந்தத் தவில் வாசிக்கும் தம்பியோடு பேச எனக்கு விருப்பம். அவ்வப்போது வரும் பதிவுகள் போக, நானும் இந்த ஆறு மாதங்களாகச் சாதகத்தைத் தவிர வேறொன்றும் இல்லாமல் இருக்கிறேன். தனிச் செய்தியில் எழுதுகிறேன்.

---

தாமிரபரணிக்கரை
2020 டிசம்பர் 20, இரவு 10:30

மாடவீதி அம்மா 17ஆம் தேதி எழுதியதற்கு உடனே மறுமொழி எழுதவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கவனித்தது சரி. எந்த ராகம் என்று இன்று எனக்கு நினைவில்லை. தையற்காரர் தொடையில் தாளம் போட்டது நினைவிருக்கிறது.

நேற்று முதல் கச்சேரியை அம்மாவோடு பார்த்தேன். குரல் மிகத் தெளிவாக இருந்தது. பல்லவி முடிந்ததும் பாடகர் நிமிர்ந்து பார்த்தார். கைதட்டல் வரவேண்டிய இடம். அங்கே ஓர் அமைதி. என் தாயார் கட்டிலில் இருந்தபடியே, ஒரு கையை மட்டும் அசைக்க முடிகிற நிலையில், அதைக் கட்டில் சட்டத்தில் இரண்டு முறை தட்டினார். அது பாடகரைப் போய்ச் சேராது என்று அம்மாவுக்கும் தெரியும்.

---

மாடவீதி
2020 டிசம்பர் 21, காலை 6:55

ஐயா, உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை நண்பருக்கு ஒரு விண்ணப்பம். தை மாதம் என் பேத்திக்குக் காதுகுத்து. எங்கள் குலதெய்வம் கோயில் வலங்கைமான் பக்கம் இருக்கிறது. கூட்டம் கூட்டக் கூடாது என்பதால் எங்கள் குடும்பத்தில் இருபது பேர் மட்டுமே வருகிறோம். மேளத்துக்குப் பதிலாகப் பதிவு செய்த நாதஸ்வரத்தை ஒலிக்கவிடலாம் என்று என் மகன் சொன்னான். நானும் சரியென்றுதான் சொல்லியிருந்தேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு மாற்றிவிட்டோம். நீங்கள் குறிப்பிட்ட பெரியவரும் அவருடைய மகனும் வர இசைவார்களா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். ஊதியத்தை அவரே சொல்லட்டும். வழக்கமான கல்யாண மேளத்துக்கு என்ன வாங்குவாரோ அதைக் குறைக்க வேண்டாம். கோயில் வெளிமண்டபம் திறந்தவெளிதான். தள்ளித் தள்ளி உட்காரலாம்.

---

காவிரிக்கரை
2020 டிசம்பர் 21, மாலை 5:40

அம்மா, அவர்கள் வீட்டுக்கு நேரிலேயே போய்ப் பேசிவிட்டு வந்தேன். இசைந்துவிட்டார்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி என்று முழு மேளமாகவே வருகிறார்கள். பெரியவர் உடனே சீவாளிகளை எடுத்து வெயிலில் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டார். பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: காதுகுத்துக்கு வாசிப்பது கால் மணி நேர வேலை, அதற்கு மேலும் வாசிக்கலாமா, எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று கேட்டார். என்ன சொல்லட்டும்?

---

மாடவீதி
2020 டிசம்பர் 21, இரவு 7:10

முகூர்த்தம் காலை ஏழரைக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு வேலை இல்லை என்று சொல்லுங்கள். தோடியோ வேறெதுவோ, அவர் விருப்பம். நான் இங்கிருந்து இரண்டு பெரிய ஜமுக்காளம் எடுத்துக்கொண்டு வருகிறேன்.